காதுக்குள் நாடி துடிக்கிறதா?



படகு எஞ்சின் இரைச்சலோடு தொழில் பண்ற ஊர் நம்ம வீராம்பட்டினம். காதில் ஏதாவது சத்தம் கேட்டால், “எஞ்சின் பக்கத்துல நின்னதுதான்” என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் ஒரு சத்தத்தை மட்டும் அப்படி விடக்கூடாது.

எஞ்சின் இரைச்சலால் வருவது பெரும்பாலும் இரண்டு காதிலும் ‘ஙொய்’ என்று விடாமல் கேட்கும். நான் சொல்வது வேறு. ராத்திரி படுத்ததும் ஒரு காதில் மட்டும் ‘டப், டப்’ என்று கேட்கும். அப்போது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தாளத்தில் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆகணும்.

பயப்பட வேண்டாம். இரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் இப்படிக் கேட்கலாம். அரிதாகச் சிலருக்கு மட்டும் அது ‘குளோமஸ்’ கட்டியாக இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம். இரத்தக் குழாய்கள் நிறைந்த இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மிக மெதுவாகத்தான் வளரும். ஆனால் விட்டுவிட்டால் கேட்கும் திறன் குறையும். முகம், குரல், விழுங்குதல் ஆகியவற்றுக்கான நரம்புகளையும் அழுத்தலாம்.

அதனால் காதில் எண்ணெய் விடாதீங்க, பட்ஸ், ஊக்கு எதையும் விடாதீங்க. செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிவதைச் சதை என்று நினைத்துக் கிள்ளினால் இரத்தம் கொட்டும். அதனால்தான் மருத்துவர்களும் உடனே துண்டு எடுத்துச் சோதிப்பதில்லை. முதலில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சில கட்டிகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும் சுரப்பை உண்டாக்கும். அதற்கு இரத்தம் அல்லது சிறுநீர்ச் சோதனை உண்டு.

நடுக்காதுக்குள் மட்டும் இருக்கும் சிறு கட்டியை நுண்ணோக்கி வழியாக அறுவை செய்து எடுத்துவிடலாம். பெரிய கட்டி என்றால், தொடைப் பக்கமிருந்து மெல்லிய குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்த நாளத்தை முதலில் அடைப்பார்கள். ஓரிரு நாளில் அறுவை நடக்கும். இரத்த இழப்பும் குறையும். வயதானவர்களுக்குக் கதிர்வீச்சு தந்து வளர்ச்சியை நிறுத்தலாம், அல்லது அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். எது சரி என்பதை வயதும் கட்டியின் அளவும் முடிவு செய்யும்.

இப்போது கையிலுள்ள போனை எடுங்கள். வெளியே போக முடியாதவர்கள் ‘இ-சஞ்சீவனி’ மூலம் மருத்துவரிடம் பேசலாம். ஆனால் காதை நேரில் பார்த்தால்தான் இது தெரியும். அரியாங்குப்பம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மேல்சிகிச்சைக்குக் கடிதம் வாங்குங்கள். இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை நகரத்திலேயே இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ‘ஆபா’ எண் எடுத்து, அதில் அறிக்கைகளைச் சேர்த்து வையுங்கள். ஸ்கேன் சி.டி.யைத் தொலைக்காதீங்க; பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் தேவைப்படும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். உங்கள் பெயர் இருக்கிறதா என்று ‘ஆயுஷ்மான்’ செயலியிலேயே பார்க்கலாம்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, குரல் கம்மினாலோ, காதிலிருந்து இரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீங்க, அன்றைக்கே போங்க. குடும்பத்தில் யாருக்காவது கழுத்திலோ காதிலோ இதே கட்டி வந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அம்மா, காதுல துடிக்கிற மாதிரி சத்தம் கேக்குதா?” அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்கணும்.