பெற்றவரின் பெயரும் வளர்ப்பவரின் பரிவும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகின்றோம்.

கண்ணியமிகு ஜமாஅத்தார்களே! தலாக்கோ குல்உவோ நிகழ்ந்த பெண், இத்தா முடிந்து மறுமணம் செய்வது மார்க்கம் அனுமதித்த நற்காரியமாகும். அவளுடைய குழந்தையைப் புதுக்கணவர் பரிவோடு ஏற்பதும் நற்காரியமே. ஆயினும் அப்பரிவின் மிகுதியால், பள்ளிக்கூடப் படிவத்தில் தந்தையின் இடத்தில் தம் பெயரை எழுதிவிடுவோரும் உளர். இது சரிதானா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

உஹுதில் பட்ட காயத்தால் அபூஸலமா (ரலி) ஹிஜ்ரி 4இல் வஃபாத்தானார்கள். அவர்களுடைய துணைவியார் உம்முஸலமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மணந்தார்கள். சிறுவர் உமர் நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்தார். உணவுத்தட்டில் அலைந்த அவருடைய கைக்கு ஒழுங்கு கற்பித்தவர்கள் நபியவர்களே. எனினும் ஹதீஸ் நூல்களில் அவர் உமர் இப்னு அபீஸலமா என்றே அறியப்படுகின்றார். ஸைத் (ரலி) அவர்களும் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியபின் ஹாரிஸாவின் மகன் என்றே மீண்டும் அழைக்கப்பட்டார்கள். அன்பு குறையவில்லை, வம்சமும் மாறவில்லை.

பெயரை மாற்றுவதன் விளைவைக் கவனியுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் மணமகளின் வலீ அவளைப் பெற்ற தந்தையே. தாயின் கணவர் என்பதால் ஒருவர் வலீ ஆகிவிடமாட்டார். தன் தந்தை வேறொருவர் என்பதை நிகாஹ் நாளன்றுதான் அப்பெண் அறிய வேண்டுமா? தந்தைவழிச் சகோதரன் இன்னார் என்று அறியாமலே மணம் பேசப்பட்டால் என்னவாகும்? பெற்ற தந்தையின் சொத்தில் அவளுக்குரிய பங்கும் கேள்விக்குள்ளாகும். மாற்றாந்தந்தையின் சொத்திலோ அவளுக்கு வாரிசுரிமை இல்லை. அவர் விரும்பினால் வாழ்நாளில் ஹிபா செய்யலாம், மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தும் செய்யலாம்.

நாட்டின் சட்டமோ, சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுப்பது எம்மதத்தவருக்கும் திறந்த வழி. கட்டாயமன்று என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றாந்தந்தை தத்தெடுப்பதற்கு, பெற்றவர் எழுதித்தரும் சம்மதத்தை 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகள் கோருகின்றன. குழந்தையின் பொறுப்பு குறித்த வழக்கு நிலுவையிலிருந்தால், அது முடிந்த பின்னரே தத்தெடுப்பைத் தொடங்க முடியும். பெற்றவருக்குத் தெரியாமல் காகிதத்தில் அவரை அழிப்பதற்கு ஷரீஅத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

தந்தையரே! சம்மதம் கேட்கப்படும் உரிமை பழிவாங்கும் ஆயுதமன்று. முன்னாள் மனைவி மறுமணம் செய்தாலும் பிள்ளையின் ஜீவனாம்சம் உங்கள் கடமையே. தாய்மார்களே! பிள்ளை தந்தையைக் காண்பதைத் தடுக்காதீர்கள். வளர்ப்பவருக்குச் சட்டப்படியான பொறுப்பு தேவையெனில், 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தை நாடலாம். அதனால் வம்சம் மாறாது. பள்ளிப் படிவத்தில் தந்தையின் இடத்தில் தந்தையின் பெயரையும், பாதுகாவலர் இடத்தில் வளர்ப்பவரின் பெயரையும் எழுதுவோம்.

உண்மையும் பரிவும் ஒருங்கே நிலவும் இல்லங்களை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.