எழுத்துப் பிழையும் சித்திரப் புத்தகமும்

(பெரிய முதலியார்சாவடியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2018-ஆம் வருஷத்தில் அமெரிக்க தேசத்தில் சிறுவர்க்கென ஒரு சித்திரப் புத்தகம் வெளியாயிற்று. 'பி இஸ் ஃபார் டெரடாக்டில்' என்பது அதன் பெயர். ராஜ் ஹல்தார், கிறிஸ் கார்ப்பென்டர் என்னும் இருவர் அதனை இயற்றினர். டெரடாக்டில் என்பது பூர்வ காலத்தில் பறந்து திரிந்த ஒரு பிராணி. அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் முதலில் 'பி' என்னும் எழுத்து நிற்கும். வாயிலோ அஃது ஒலிப்பதில்லை. இவ்வாறு ஊமையாய் நிற்கும் எழுத்துக்களை வரிசையாக நிறுத்தி நகையாடுவதே அந்நூல். சிரிப்பினூடே எழுத்தைக் கற்பிப்பது அதன் உபாயம்.

இதனால் நமக்கு ஆவதென்ன என்று கேட்பீர்கள். தமிழில் அத்தகைய ஊமை எழுத்துக்கள் இல்லை. நாநுனி அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும். நாவிளிம்பு தடித்து, மேற்பல்லின் அடியைப் பொருந்த லகரமும், அண்ணத்தை வருட ளகரமும் பிறக்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார். நாமோ பேச்சில் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்கினோம். ரகர றகர பேதத்தையும் பெரும்பாலும் கைவிட்டோம். ஆங்கிலத்தில் எழுத்தே ஊமை. இங்கோ நமது நா எழுத்தை ஊமையாக்கிற்று. காதில் விழாத வேற்றுமையைப் பிள்ளை கையால் எங்ஙனம் எழுதும்? அதனை 'மக்கு' என்று வைதல் நியாயமாகுமா? சொல்வதெழுதலில் அவமானமுற்ற பிள்ளை புத்தகத்தையே வெறுக்கத் தொடங்கும். அந்த நஷ்டம் குடும்பத்துக்கு மட்டுமன்று, சமூகம் முழுமைக்குமேயாம்.

காது கைவிட்ட இடத்தில் கண் துணைசெய்ய வேண்டும். அதற்கான படங்கள் நமது கடற்கரையிலேயே கிடக்கின்றன. மீனுக்கு விரிப்பது வலை. நண்டு ஒளிவது வளை. படகு சேர்வது கரை; வேட்டியிற் படிவது கறை. பரவை என்றால் கடல்; பறவை என்றால் புள். மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021-ஆம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அங்கே ஒரே காட்சியில் பரவையையும் பறவையையும் பிள்ளைக்குக் காட்டலாம். உப்பு நீர் ஏறுவது கழி. கேழ்வரகிற் கிண்டுவது களி. இவற்றைப் பக்கத்துக்கொன்றாகப் படமெழுதி வைத்தால், எந்தப் பிள்ளை மறக்கும்?

சொல்விளையாட்டும் நமக்குப் புதிதன்று. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டிற் பொருந்தவைத்த காளமேகப் புலவர் நம்மவரே. ஏறுவதும் படி, உப்பை அளப்பதும் படி, பாலகனைப் பார்த்து நாம் சொல்வதும் படி! இதைக் கேட்டுச் சிரியாத பிள்ளை உண்டோ?

ஆகையால் அடியேனது வேண்டுகோள் ஒன்றே. வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எழுத்தறியாத பாட்டியும் வலை, கழி, அளம் முதலிய தொழிற் சொற்களை நன்கறிவாள். அவள் சொல்லட்டும், பிள்ளை படம் வரையட்டும், எழுத்தறிந்தவர் பக்கத்தில் பிழையற எழுதட்டும். வருகிற தைப் பொங்கலுக்குள் அவற்றைச் சங்கத்திற் சேர்ப்பித்தால், நல்லவற்றைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாக அச்சிடலாம். செலவு சொற்பம், பலனோ தலைமுறைக்கும் நிற்கும்.