வானிலிருந்து வழி காணல்

நாகர்கோவிலிலிருந்து வடக்கே செல்வோர், காரோட்டில் தமிழக எல்லையைக் கடந்ததும், கழக்கூட்டம் வரை நீளும் புறவழிச் சாலையால் திருவனந்தபுரத்தைச் சுற்றிச் சென்றுவிடலாம். ஊரோ குன்றும் பள்ளமுமாக அமைந்தது. மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல், எங்கணும் தென்னை. இத்தகைய நிலத்தில் சாலைக்கு வழி தேர்வது எங்ஙனம்?

முன்னாளில் சங்கிலியும் தியோடலைட்டும் ஏந்திப் பல மாதம் நடந்தனர். விமானப் படம் அவ்வுழைப்பைக் குறைத்தது. விமானம் எடுக்கும் ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை மீண்டும் காட்டும். எதற்காக? கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இரு கண்களையும் மாறி மாறி மூடிப் பார்ப்போம். விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். அருகே கொணரக் கொணரப் பெயர்ச்சி மிகும். அவ்வாறே, விமானத்துக்கு அண்மையிலுள்ள குன்றின் உச்சி, பள்ளத்தினும் மிகுதியாக இடம் பெயர்ந்து காணும். அப்பெயர்ச்சியை அளந்து உயரத்தைக் கணிப்பர். எங்கு மண்ணை வெட்டுவது, எங்கு நிரப்புவது என்பதும் புலனாகும்.

ஆனால், தென்னையை என் செய்வது? படம் காட்டுவது ஓலையின் உயரத்தை, தரையினுடையதையன்று. பாலம் வேண்டிய பள்ளத்தையே மேடென்று கொண்டுவிடுவோம்! ஆகவேதான் லைடார் என்னும் ஒளிக்கதிர் முறை வந்தது. ஓலை இடுக்குகளில் நுழையும் கதிர்களுள் சில தரையைத் தொட்டு மீள்கின்றன.

திருவனந்தபுரம் முதல் காசர்கோடு வரை, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட விரைவு ரயில் பாதைக்காக, 2019 டிசம்பர் இறுதியில் இம்முறையில் வான் அளவை தொடங்கிற்று. அப்போது எழாத ஆரவாரம், 2022-இல் எல்லைக் கல் நட முற்பட்டபோது ஊர்தோறும் எழுந்தது. படத்தில் கூரை தெரியும். அதன் கீழ் வாழ்பவர் தெரியார் அல்லவா?

வீட்டைப் பூட்டிவிட்டு அயல் மாநிலத்தில் வாழும் நம் போன்றோருக்கு இது பெருங்கவலை. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு அரசிதழில் வரும். அதன் சாரம் உள்ளூர் நாளிதழ்களிலும் வரும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுத்தில் சேர வேண்டும். அறிவிப்பில் நம் வீட்டின் படம் இராது. சர்வே எண்ணே இருக்கும். அவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வைப்போமாக.