கூரை திறக்கும் காரும் கண் திறந்து வாங்குதலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. எனக்கு முன் பேசிய பெருமக்கள் அம்மரபைச் சிறப்புறக் காத்தனர். செயலாளர் அவர்களோ எனக்கு உலகியற் பொருளொன்றைத் தந்துள்ளார்கள். தொலைவிலுள்ள வியாபாரி ஒருவரிடமிருந்து, குறைந்த தூரமே ஓடியதாகச் சொல்லப்படும் பழைய சொகுசுக் காரை, அதிலும் கூரை மடங்கித் திறக்கும் காரை, வாங்குவது எப்படி என்பதே அப்பொருள். இது நமக்கெதற்கு என்று சிலர் புன்னகை செய்யலாம். நம் காலனியில் இவ்வாண்டில் மட்டும் மூன்று வீடுகளில் இப்பேச்சு எழுந்தது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் பொருள் ஈட்டுகின்றனர். அவர்களுக்கு ஆசை பிறப்பது இயல்பு. ஆசையைக் குறை கூற நான் வரவில்லை. அவ்வாசையின் விலையில் தந்தையின் ஓய்வூதியப் பணமும் தங்கையின் திருமணச் சேமிப்பும் கலந்திருப்பதாற்றான் பேச வந்தேன்.

புதிதாக வாங்கினால் பெருந்தொகையாகும் பி.எம்.டபிள்யூ. இசட்-4, மெர்சிடஸ் எஸ்.எல்.கே., ஆடி ஏ-3 கேப்ரியோலே போன்ற வண்டிகள், சில ஆண்டுகள் கழிந்தபின் பாதி விலைக்கும் கீழே டெல்லியிலும் மும்பையிலும் விற்பனைக்கு நிற்கின்றன. டெல்லியில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்த எல்லையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025-இல் அவ்வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது வேறு கதை. இத்தகைய எல்லை ஓரிடத்தில் இருந்தால், வயதேறிய வண்டிகள் மலிவாகித் தெற்கு நோக்கி வருவது இயற்கையே. ஆகவே மலிவு என்றவுடன் மோசடி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மலிவுக்குக் காரணம் என்ன என்று கேட்டே ஆகவேண்டும்.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது பழமொழி. தானம் கொடுத்த மாட்டிற்குத்தான் அவ்விதி. விலை கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லை நம் பாட்டனார் எண்ணிப் பார்க்காமல் சந்தையை விட்டு நகர்ந்ததில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காரைப் படத்தில் பார்த்துப் பணம் அனுப்பலாமா?

பழைய கார்ச் சந்தையின் இயல்பை ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்நாட்டுப் பேச்சுவழக்கில் மோசமான பழைய காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர். வண்டியின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே தர முன்வருகிறான். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க அதன் உரிமையாளர் மனம் இசைவதில்லை. அவர் சந்தையை விட்டு விலகுகிறார். மிஞ்சுவது எலுமிச்சை. இக்கருத்தில் தொடங்கிய ஆராய்ச்சிக்காக அவர் 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நாம் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம், தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வரையில் பணப்பையைத் திறவாதிருப்பதே.

இரயில்வேயில் சரக்கு ரசீது எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு நன்கு பழக்கம். மூட்டையைப் பிரித்துச் சரிபாராத இடத்தில், ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்று பொருள்படும் சொற்களை ரசீதில் எழுதுவார்கள். அனுப்புகிறவர் பட்டு என்று சொன்னார், நாங்கள் பார்க்கவில்லை, எனவே பட்டு என்று நாங்கள் சாட்சி சொல்லமாட்டோம் என்பது அதன் கருத்து. காரின் கிலோமீட்டர் மானியையும் இக்குறிப்போடுதான் படிக்கவேண்டும். ‘14,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லப்படுவது.’ அவ்வளவே. முள்ளும் சக்கரமும் இருந்த நாளில் மட்டுமன்றி, மின்னணு மானியிலும் எண்ணைக் குறைக்கும் கருவிகள் உலவுகின்றன. பெல்ஜியம் நாட்டில் 2006 முதல் ‘கார் பாஸ்’ என்னும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பட்டறையும் வண்டி வரும்போதெல்லாம் மானியின் எண்ணை ஒரு பொதுப் பதிவேட்டிற்கு அனுப்பவேண்டும். விற்கும்போது அச்சான்றை வாங்குபவனிடம் தரவேண்டும். நம் நாட்டில் அத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. ஆகையால் நாமே அதைத் தேடித் தொகுக்கவேண்டும்.

எங்ஙனம் தொகுப்பது? கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் வண்டி எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற வரலாறு இருக்கும். விற்பவர் அதனைத் தம் பெயரால் கேட்டு வாங்கித் தரட்டும். சர்வீஸ் பில்களில் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் ஓரம், ஸ்டீயரிங்கின் தோல், பிரேக் மிதியின் ரப்பர் ஆகியவை தேய்ந்திருக்க, மானி மட்டும் இளமையாயிருந்தால் மானியை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். இதுதான் காரின் பல்! கொஞ்சமே ஓடிய காரில் டயர்கள் ஏன் இருமுறை மாறின என்று கேட்க அந்நான்கு இலக்கங்கள் போதும்.

நம் காலனியில் நிகழ்ந்ததொன்றைப் பெயர் குறியாது சொல்லுகிறேன். அவ்வீட்டாரின் இசைவு உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, வட நாட்டு நகரமொன்றில் கூரை திறக்கும் காரைப் படத்தில் கண்டார். வயது 9 ஆண்டு; ஓட்டம் 14,000; விலை 22 இலட்சம். ‘மாலைக்குள் 2 இலட்சம் முன்பணம் அனுப்பாவிடில் வேறொருவர் எடுத்துக்கொள்வார்’ என்றது எதிர்த்தரப்பு. தந்தையார் காகிதங்களோடு என்னிடம் வந்தார். ‘தம்பி, பையன் ஆசைப்படுகிறான், மறுத்தால் முகம் வாடுவான்’ என்றார். ‘அண்ணாச்சி, மறுக்க வேண்டாம்; சர்வீஸ் வரலாறு மட்டும் கேளுங்கள்’ என்றேன். மூன்று நாள் இழுபறிக்குப் பின் வந்தது. அதில் 2021-ஆம் ஆண்டுப் பதிவிலேயே 41,000 கிலோமீட்டர் என்றிருந்தது! கேட்டபோது, மானி பழுதாகி மாற்றப்பட்டது என்று விடை வந்தது. மாற்றியதற்குப் பில் வரவில்லை. முன்பணம் போகவில்லை. சில மாதம் கழித்து அத்தம்பி கொச்சியில் 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியொன்றை முழு வரலாற்றுடன், நேரில் ஓட்டிப் பார்த்து வாங்கினார். சென்ற ஓணத்தின்போது காலனிக் குழந்தைகளை முறை வைத்து சங்குமுகம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றதும் அவ்வண்டிதான்.

அன்பர்களே! 14,000 என்ற எண் மெய்யாகவே இருந்தாலும் அது முழு நன்மை அன்று. ஒன்பதாண்டில் 14,000 என்றால் மாதத்திற்கு 130 கிலோமீட்டர். வண்டி நின்றே காலம் கழித்தது என்று பொருள். நிற்கும் வண்டியில் பேட்டரி சாகும். ரப்பர் முத்திரைகள் காய்ந்து வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டயர் தேயாமலே முதுமை அடையும்.

கூரை திறக்கும் வண்டிக்கு மேலும் ஒரு சோதனை உண்டு. அதன் கூரை துணியாயினும் உலோகமாயினும், மோட்டாராலும், பல வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தாலும் இயங்குவது. சுற்றிலும் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. இலைச் சருகு அடைத்தால் நீர் உள்ளே இறங்கி, தரைவிரிப்பின் கீழுள்ள மின் கருவிகளைக் கெடுக்கும். வறண்ட ஊரில் பல்லாண்டு தெரியாதிருந்த குறை, ஜூனில் ஒரு மழையும் ஐப்பசியில் ஒரு மழையும் காணும் திருவனந்தபுரத்தில் முதல் வாரமே தெரிந்துவிடும். எனவே கூரையை மூன்று முறை திறந்து மூடச் செய்யுங்கள். மூடிய வண்டியின்மேல் குழாய் நீரைக் கால்மணி நேரம் விட்டு, விரிப்பைத் தூக்கித் தடவிப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் நம் கேரளத்திலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ! அத்தகைய வண்டிகள் ஏலத்தில் கைமாறி, துலக்கப்பெற்று மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்து அதன் அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய வழி.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். வண்டி நன்றாயிருந்து காகிதம் கெட்டிருந்தால் வண்டியும் நம்முடையதன்று. 2017-இல் புதுச்சேரியில் பொய் முகவரி காட்டிப் பதிவு செய்து கேரளத்தின் வரியைத் தவிர்த்ததாகச் சொகுசுக் கார்களின்மேல் வழக்குகள் எழுந்தன. 2025 செப்டம்பர் 23-ஆம் நாள் கொச்சிச் சுங்கத் துறையினர் ‘நும்கோர்’ என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனை நடத்தினர். பூட்டான் மொழியில் அச்சொல்லுக்கு வாகனம் என்று பொருள். பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவந்து, போலிக் காகிதங்களால் பிற மாநிலங்களில் பதிவு செய்து விற்கப்பட்டவை என்ற ஐயத்தில் 30-க்கு மேற்பட்ட வண்டிகளை அன்று கைப்பற்றினர். புகழ் பெற்றோர் வீடுகளிலும் சோதனை நடந்தது. உரிய விலை கொடுத்தே வாங்கினோம் என்று சொல்லி உயர் நீதிமன்றம் சென்றோரும் உண்டு. வழக்கின் முடிவை நீதிமன்றங்கள் உரைக்கும். நமக்குத் தெளிவாவது இது: சுங்கச் சட்டத்தின் பிடி பொருளைப் பின்தொடர்வது, மூன்றாவது கையிலிருந்தாலும் அது விடாது.

ஆகவே சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பார்த்து ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் பதிவு நாள், இன்ஷூரன்ஸ் காலம், கடன் பற்று, நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள். வண்டிமேல் பாங்குக் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான 35-ஆம் படிவம் கைக்கு வரட்டும். பிற மாநில வண்டிக்கு அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. இன்றியமையாதது. 12 மாதத்திற்கு மேல் இங்கு வைத்தோட்டினால் கேரளப் பதிவெண் பெறவேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. கேரளத்தின் வரி, வண்டி புதிதாயிருந்தபோது பெற்ற விலையையும் அதன் வயதையும் பார்த்து விதிக்கப்படுவது. 22 இலட்சத்திற்கு வாங்கினோம், அதற்கேற்ற வரிதானே என்று எண்ணி ஏமாறாதீர்கள். வரித் தொகையை முன்னரே கேட்டறிந்து விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்பது விதி. வண்டி வியாபாரியின் கைக்கு வந்ததை உரிமையாளர் 29-சி படிவத்தில் தெரிவிக்கவேண்டும். அச்சான்றையும் அப்படிவத்தையும் காட்டத் தயங்குபவரிடம் நமக்கென்ன வேலை? பணத்தை வியாபாரியின் நிறுவனப் பெயரிலுள்ள பாங்குக் கணக்கிற்கே அனுப்புங்கள். 2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் 2017 முதல் தடுத்துள்ளது.

வண்டி வருவது பற்றியும் ஒரு சொல். நம் தண்டவாளத்தில் புதுக் கார்கள் பெட்டி பெட்டியாகச் செல்வது நிறுவனங்களின் சரக்காக. தனி மனிதரின் ஒற்றைக் கார் பெரும்பாலும் லாரியில்தான் வரும். ஏற்றும் முன் நான்கு புறமும் படமெடுத்து, வழி இன்ஷூரன்ஸ் செய்து, இறக்கும்போது சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். வந்தவுடன் இன்ஷூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளே அவகாசம். நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான காப்பு தானாக மாறிவராது.

இத்தனைக்குப் பின்னும் ஏமாற்றம் நேர்ந்தால்? டெல்லிக்கு ஓடி வழக்காட வேண்டுமோ என்று அஞ்சவேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே முறையிடலாம். கொடுத்த விலை 50 இலட்சத்திற்கு மேற்படாவிடில் நம் மாவட்ட ஆணையமே கேட்கும், காலவரை இரண்டாண்டு. ஆனால் ஆணையம் தொலைபேசியில் கேட்ட இனிய சொல்லைக் கேளாது, எழுத்தைக் கேட்கும். கிலோமீட்டர் இவ்வளவு, விபத்தும் வெள்ளமும் காணாதது, காகிதம் குற்றமற்றது என்று வியாபாரியின் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே நமக்கு விடை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெல்லிக்குப் போய்வரும் செலவும், தேர்ந்த மெக்கானிக்கிற்குத் தரும் கூலியும் வீண் என்று எண்ணாதீர்கள். பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பினாலும் அச்செலவு இலாபமே. பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டவுடன் ‘இந்தக் கார் நமக்கெதற்கு’ என்று சீறாதீர்கள். சீறினால் அடுத்த முறை அவன் உங்களிடம் சொல்லாமலே முன்பணம் அனுப்பிவிடுவான். உடனமர்ந்து காகிதத்தைப் பாருங்கள். நம் காலனியில் காகிதம் படிக்கத் தெரிந்தவர் பலர் உண்டு. ஒருவர் கதவை ஒருவர் தட்டலாம். தாய்மொழி பேசிக் கூடுவதற்கு மட்டுமன்றி, இதற்காகவும்தான் அயலூரில் சங்கம் கண்டோம்.