மயிரிழை வெற்றியும் தலைவனின் தகுதியும்



யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டியை வடக்கின் பெருஞ்சமர் என்பர். அதன் இறுதி நாளில் மைதானத்தைச் சூழ்ந்து நிற்போர் யாவரும் நீதிபதிகளாகிவிடுகின்றனர். ஓர் ஓட்டத்தால் வென்றால் தலைவன் வீரன். ஓர் ஓட்டத்தால் தோற்றால் அவனே மூடன். இத்தீர்ப்பு நேரியதாகுமா?

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் நாள் கொழும்பு பிரேமதாச அரங்கில் நடந்த லங்கா பிரீமியர் லீக் இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆடிய கொழும்பு ஸ்டார்ஸ் அணி 163 ஓட்டங்களைப் பெற்றது. திசர பெரேராவைத் தலைவராகக் கொண்ட ஜப்னா கிங்ஸ் அணி, நான்கு பந்துகளே எஞ்சியிருக்க, எட்டு விக்கெட்டுகளை இழந்து இலக்கை எட்டியது. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி மூன்றாவது முறையாகத் தொடர்ந்து கிண்ணத்தை வென்றது.

எஞ்சிய இரண்டு விக்கெட்டுகளும் வீழ்ந்திருந்தால்? எதிரணி ஆடியபோது பந்துவீச்சாளரை மாற்றிய வேளையும், களத்தடுப்பை வகுத்த முறையும் அணுவளவும் மாறியிரா. அவை முன்னரே முடிந்த செயல்கள். ஆயினும் அவற்றைப் பற்றிய பேச்சு முழுவதும் தலைகீழாகியிருக்கும்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்கர் ஆடும் உதைபந்தாட்டத்தில் தாக்குதலை வழிநடத்துபவனைக் குவாட்டர்பாக் என்பர். 1991ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த இறுதியாட்டத்தில், நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி பஃபலோ பில்ஸ் அணியை 20க்கு 19 என்ற கணக்கில் வென்றது. காயமுற்ற முதன்மை ஆட்டக்காரருக்குப் பதிலாக வந்த ஜெஃப் ஹொஸ்டெட்லரே அன்று ஜயன்ற்ஸின் குவாட்டர்பாக். இறுதி விநாடிகளில் எதிரணியினர் 47 கஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே சென்றது. அவ்வுதை அவர் ஆளுகைக்கு உட்பட்டதன்று. அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பது நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தம் அணியிடமே வைத்திருந்து, எதிரணியின் விரைவான தாக்குதலுக்கு வாய்ப்பைக் குறைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவரை எடைபோட வேண்டுமாயின் இதனைக் கொண்டே எடைபோட வேண்டும்.

ஆகவே, தலைவனை மதிப்பிடுமுன் மூன்று வினாக்கள் எழுதல் வேண்டும். அவ்வேளையில் அவன் அறிந்திருந்தது யாது? அவன் கையிலிருந்த ஆற்றல் எவ்வளவு? அதே நிலை பத்து முறை வந்தால், அவன் தெரிந்த வழி எத்தனை முறை பயன் தரும்? திருவள்ளுவரும் தெரிந்துசெயல்வகை என்றோர் அதிகாரம் வகுத்து, இழப்பையும் பயனையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கப் பணித்தார்.

தொழில்முறை ஆட்டக்காரர் ஊராரின் சொல்லைத் தாங்கிக்கொள்வர். பள்ளி மாணவனோ பதினெட்டு வயதுப் பிள்ளை. அவன் நன்கு சிந்தித்துச் செய்த துணிவு ஒருமுறை பிழைத்ததற்காகப் பழிக்கப்படுமாயின், மறுமுறை துணியவே அஞ்சுவான். சிந்தியாமற் செய்தது தற்செயலாகப் பலித்ததற்காகப் புகழப்படுமாயின், சிந்திப்பதையே கைவிடுவான். இரண்டும் கேடே.

வென்ற அணிக்குக் கிண்ணம் உரியது. அதனை மகிழ்ந்து கொண்டாடுவோம். தலைவனுக்கு உரிய மதிப்பை மட்டும், ஆரவாரம் அடங்கிய பின்னர் ஆராய்ந்து அளிப்போமாக.