வருமானம் குறைந்தால் யார் தட்டில் குறைப்பது?



விலை விழுந்தால் வீட்டில் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை படுத்துக் கிடந்தபோது, நம் முன்னோரில் பல்லாயிரம் பேர் வேலையிழந்து கப்பலேறித் திரும்பினார்கள். 1998-இல் மலேசியப் பொருளாதாரம் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் சுருங்கியது. 2020-இல் பெருந்தொற்று வந்தது. இப்போது அடி சற்று வேறு விதமாக விழுகிறது. தகப்பனார் தோட்டத்தில், மகன் தொழிற்சாலையில் என்றிருக்கும் வீடுகளில் முதலில் நிற்பது மகனுடைய ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் குறையாது. ஆனால் மோட்டார் சைக்கிள் தவணை ஓவர்டைமை நம்பி எடுத்ததல்லவா?

சிக்கனம் என்றதும் நாம் எங்கே கை வைக்கிறோம்? அடுப்பங்கரையில்தான். அங்கேயும் எல்லாருடைய தட்டிலும் ஒரே அளவாகக் குறைவதில்லை. மீன் துண்டு நான்கு இருந்தால் கணவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்று. அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு. கேட்டால் "எனக்குப் பசியில்லை" என்பார். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், வெயிலேறும்வரை உழைத்தவருக்குப் பசி இல்லாமல் போகுமா? கண் இமையின் உட்புறம் வெளுத்து, சிறு மேடு ஏறினாலும் மூச்சு வாங்கினால் அது இரத்தசோகையாக இருக்கலாம். கிளினிக்கில் காட்ட வேண்டும். வீட்டில் ஒருவர் பட்டினி கிடந்து மிச்சம் பிடிப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

உணவில் குறைக்க இடமே இல்லையா? இருக்கிறது. இனிப்பு டின்பாலைப் பால் என்று நம்பிக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிறோம். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். முள்ளோடு தின்னும் நெத்திலியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து உண்டு. கோழி ஈரல் மலிவு. இரத்தம் ஊற அது நல்லது. வேலியோர முருங்கைக்குக் காசே வேண்டாம். ஆனால் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்போம். கொய்யாப்பழம் ஒன்று சேர்த்துச் சாப்பிட்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

சம்பள நாளன்று இரவு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் செலவை எழுதிப் பார்ப்பது நல்லது. பிள்ளைகளும் இருக்கட்டும், வீட்டில் பணம் இல்லை என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். ஒன்று சொல்ல வேண்டும். பீர், சம்சு, சிகரெட் செலவை யாரும் அந்தத் தாளில் எழுதி நாம் பார்த்ததில்லை. அதையும் எழுதினால்தான் கணக்கு கணக்காகும். கடைப் பற்றை மாதக் கடைசி வரை விடாமல் வாரந்தோறும் கூட்டிச் சொல்லும்படி கடைக்காரரைக் கேட்கலாம். அதில் அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பாக்கி வசூலாவதில் அவருக்கும் அக்கறை உண்டு.

"பெரியவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் ஒரு வாய் குறையும், ஒரு சம்பளம் கூடும்" என்று சொல்பவர் இன்றும் இருக்கிறார்கள். எந்தப் பிள்ளையையும் நிறுத்தக்கூடாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் இலவச உணவு தரும் அரசாங்கத் திட்டம் 1979-இல் வந்தது. தலைமையாசிரியரிடம் நேரே போய்க் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் என்ன?

எல்லாம் பார்த்தும் போதவில்லை, நகையைத்தான் வைக்க வேண்டும் என்றால், உரிமம் உள்ள அடகுக்கடைக்கே போவோம். 1972-ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டப்படி மாதம் நூறு வெள்ளிக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் வட்டி கேட்கக்கூடாது. மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. சுவரொட்டியில் தொலைபேசி எண் மட்டும் போட்டுக் கடன் தருகிறவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அவர்கள் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார்கள். அடகுச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து, மீட்க வேண்டிய கடைசித் தேதியைச் சுவர் நாள்காட்டியில் அன்றைக்கே குறித்துவிட வேண்டும்.