112-ஐ அழைக்கும்போது முழு முகவரி சொல்வோம்

 

முன்பெல்லாம் 101-ஐ அழைத்தால் பக்கத்து நிலையத்தில் எடுப்பார்கள். 'பெரிய பள்ளிவாசல் தெரு' என்றாலே வண்டி கிளம்பிவிடும். இப்போது போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே எண் 112. சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் எடுத்து, அங்கிருந்து நம் நிலையத்துக்குத் தகவல் தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எடுப்பவருக்கு நம் தெரு தெரியாது. பெரிய பள்ளிவாசல் தெரு பல ஊர்களில் உண்டு. ஆகவே மாவட்டம், ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், உள்ளே சிக்கியவர்கள் என வரிசையாகச் சொல்வோம்.

ஆண்கள் கடையிலும் வெளிநாட்டிலும் இருக்கும்போது வீட்டில் இருப்பது உம்மாவும் பிள்ளைகளும்தான். இன்றிரவே முகவரியை எழுதி வாசல் கதவின் உட்புறம் ஒட்டி, அவர்களைச் சொல்லிப் பார்க்கச் செய்வோம்.

அல்லாஹ் நம் வீடுகளைக் காப்பானாக. ஆமீன்.